கட்டிலைச் சுமந்தவர்கள்



லூர்து அன்னையின் திருநாளாகிய பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் நாளாக 1992-ல் ஏற்படுத்தியவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். இந்நாளில் நாம் கேட்ட நற்செய்தியில், முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். வாசலை நெருங்க முடியாத கூட்டம். கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். ஆண்டவர் முதலில் கவனித்தது, தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையை என்கிறார் மாற்கு. அவர்களுடைய பெயர்கூட நமக்குத் தெரியாது.

அப்படிப் பெயர் தெரியாமல் சுமப்பவர்கள் இன்று நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீட்டுக்கே செவிலியர் வருகிறார். நல்ல செவிலியர் பி.பி. பார்ப்பதோடு நிறுத்த மாட்டார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் பார்ப்பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு மாறவில்லையென்றால், படுக்கைப்புண் தொடங்குகிறது. பிறகு அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் பக்கம் திரும்பிக் கேட்பார்: "கஞ்சி குடிக்கும்போது புரையேறுதாம்மா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிச்சீங்க? நீங்க சாப்பிட்டீங்களா?" இந்த மூன்றாவது கேள்வியும் சிகிச்சைதான் என்பேன். செவிலியர் சற்று நேரத்தில் போய்விடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவர் வீட்டில்தான் இருக்கிறார். அவர் விழுந்துவிட்டால் நோயாளியை யார் பார்ப்பது?

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு வரும்போது, கதவோரம் ஈரக்கையோடு நிற்கும் மகள்களைப் பார்க்கிறேன். நற்செய்தியில் அந்தப் படுக்கையைத் தூக்க நான்கு பேர் இருந்தார்கள். நம் வீடுகளிலோ பெரும்பாலும் ஒருத்திதான் தூக்குகிறாள். வெளியூரில் இருக்கும் அண்ணன் போனில் "அப்பா எப்படி இருக்கார்?" என்கிறார். "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்க ஏன் மறந்துபோகிறது? உள்ளூரில் இருக்கும் ஆண்பிள்ளைகளே, அது பெண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். செவிலியர் வரும் நாளில் வீட்டில் இருங்கள். உங்கள் தகப்பனாரை வலிக்காமல் திருப்பிப் படுக்கவைக்கச் செவிலியரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

அன்பியப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். திருப்பலி முடிந்ததும் சாக்ரிஸ்டிக்கு வாருங்கள். உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர் யார், அவரைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று இரண்டு பெயரையும் எழுதிக் கொடுங்கள். அந்த மகள் ஞாயிறு பூசைக்கு வந்துபோகும் நேரத்துக்கு, அவள் வீட்டில் யார் உட்காருவது என்பதையும் இன்றே பேசி முடிவெடுப்போம்.