வரைபடத்தில் இல்லாதவர்

அறம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் போர்க்களத்தையும் அரசவையையும் நாடிச் செல்கிறது. வகுப்பறையில் நாம் கற்பித்ததும் கற்றதும் பெரும்பாலும் அத்தகைய உயர்ந்த அரங்குகளில் நிகழ்ந்த அறப்போராட்டங்களையே. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அரியணை ஏறப்போவதில்லை, வாளேந்தப் போவதுமில்லை. நமக்கு வாய்க்கும் அறச்சோதனைகள் மிகச் சிறிய உருவில், பல வேளைகளில் ஓர் அலுவலகக் கோப்பின் உருவில், வந்து போகின்றன. எனக்கு வந்தது ஒரு கழிவறையைப் புதுப்பிக்கும் திட்டமாக வந்தது. இலக்கியத் தொகுப்பொன்றில் கழிவறையைப் பற்றி எழுதலாமோ என்று முகஞ்சுளிப்பவர் இருக்கலாம். அந்தச் சுளிப்பும் இக்கட்டுரையின் பொருளுக்கு உட்பட்டதே.

பொந்தியான், மலாக்கா நீரிணையை நோக்கிய சிற்றூர். தாழ்ந்த கரையோர நிலம். கடல் ஏறிவரும் நேரத்தில் வடிகால்களில் நீர் மெல்லத்தான் இறங்கும். மழையும் சேர்ந்துகொண்டால் இறங்க மறுக்கும். அவ்வூரில் நான் எழுத்தராகப் பணியாற்றிய அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அதன் கழிவறைகள் சிதைந்து போயிருந்தன. அவற்றைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்பட்டது. ஐவர் கொண்ட குழுவும் அமைந்தது. அந்த ஐவருள் நானும் ஒருவன்.

மூன்று முறை கூடினோம். முதற் கூட்டம் தரைக்கும் சுவருக்கும் பதிக்க வேண்டிய ஓடுகளின் நிறத்தைப் பற்றியது. வெள்ளை மருத்துவமனையை நினைவூட்டும் என்றார் ஒருவர். பளபளக்கும் கறுப்பே முடிவாயிற்று. இரண்டாம் கூட்டம் முழுவதும் அதிகாரிகளுக்கெனப் பூட்டுடன் கூடிய தனி அறை வேண்டுமா, வேண்டுமெனில் எந்தப் பதவி வரையில் சாவி தரலாம் என்பதிலேயே கழிந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எழுந்த உணர்ச்சி வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் அவ்வலுவலகத்தில் நான் கண்டதில்லை. மூன்றாம் கூட்டத்தில், பெண்கள் தொகையில் மிகுதியாயிருக்க அவர்களுக்கு அறைகள் குறைவாயிருப்பதேன் என்று உடன்பணியாற்றிய அம்மையார் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஓரறை கூடிற்று. வரைபடத்தில் ஐவரும் கையொப்பமிட்டோம்.

பணி முடிந்து திறந்த மறுநாட்காலை, கழிவறைகளைத் துப்புரவு செய்யும் மூதாட்டியார் என் மேசையருகே வந்து நின்றார்.

“தம்பி, அந்தக் கீழ்ப் பைப்பு எங்கே?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பழைய கழிவறையின் மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. அதன் கீழேதான் அவர் வாளியை வைத்து நிரப்புவார். வரைபடம் தீட்டியவர் பார்வைக்கு அழகில்லை என்று அதனை நீக்கிவிட்டார், நாங்கள் கவனிக்கவேயில்லை. புதிய கைகழுவு தொட்டிகளில் இருந்தவையோ கையை நீட்டினால் சில நொடி நீர் சொரிந்து தாமே நின்றுவிடும் குழாய்கள். அவற்றின் கீழே வாளி நுழையாது. ஆகவே அந்த அம்மையார் ஒரு கையைக் குழாயின் முன் நீட்டியபடியே மறுகையால் சிறு குவளையில் நீர் பிடித்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அது முடியாதபோது கீழ்த்தளத்திலிருந்து படியேறிச் சுமந்து வந்தார். கறுப்பு ஓட்டிலோ ஒவ்வொரு நீர்த்துளியும் உலர்ந்து வெண்புள்ளியாய்த் தெரிந்தது; ஒரு முறை துடைத்த தரையை நான்கு முறை துடைக்க வேண்டியதாயிற்று. தரை நீர் வடியும் துளையையும் அவருக்குத் தெரிந்த தாழ்ந்த மூலையை விட்டு வேறிடத்தில் வைத்திருந்தார்கள். தரையில் நீர் எந்தப் பக்கம் தேங்கும் என்பதை எங்கள் ஐவரில் எவரும் அறியோம். அவர் பல்லாண்டுகளாக அறிவார்.

இதில் யார் செய்த பிழை என்ன என்று நெடுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். எவர் உள்ளத்திலும் தீய எண்ணம் இல்லை. அவரை வருத்த வேண்டுமென்று எவரும் கருதவில்லை. அவரைக் கருதவேயில்லை, அவ்வளவே. தீங்கு செய்ய எண்ணுவோன் தன் எதிரியையேனும் ஒரு மனிதனாகக் கண்முன் நிறுத்துகிறான். நாங்கள் அந்த அளவு மதிப்பும் அவருக்குத் தரவில்லை. தீய எண்ணம் இல்லாமை குற்றத்தை நீக்கும் என்பது நம்மிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. இந்நிகழ்ச்சிக்குப் பின் எனக்கு அந்நம்பிக்கை இல்லை.

குழுவில் இருந்த நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, “அவர் நம் ஆளில்லையே, குத்தகை நிறுவனத்தின் ஆள்” என்றார். இவ்விடை மிகப் பலருடைய மனச்சான்றை உறங்க வைத்திருக்கும் விடை. துப்புரவு வேலையைக் குத்தகைக்கு விடும்போது வேலையை மட்டுமா விடுகிறோம்? அவ்வேலையைச் செய்பவரைப் பற்றி எண்ணும் கடமையையும் சேர்த்து விட்டுவிட்டதாக மகிழ்கிறோம். நம் நாட்டுச் சட்டமோ அவ்வாறு கருதவில்லை. 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம், ஒரு முதலாளி தன் பணியாளருக்குச் செய்ய வேண்டிய கடமைகளைத் தன் கட்டுப்பாட்டில் உள்ளவற்றைப் பொறுத்தவரை குத்தகையாளருடைய பணியாளருக்கும் உரியனவாக்குகிறது. ஒரு கழிவறையின் குழாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதன்றி வேறென்ன?

காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் 1901-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த காங்கிரசு மாநாட்டைப் பற்றிச் சொல்லும் செய்தி பலரும் அறிந்தது. கழிவறைகள் நாறிக் கிடந்தன. தொண்டர்களிடம் சொன்னபோது அது தோட்டிகளின் வேலை என்று மறுத்தனர். அவர் துடைப்பத்தைத் தேடி எடுத்துத் தமக்கான இடத்தைத் தாமே தூய்மை செய்துகொண்டார். இதனை மேடைதோறும் சொல்லும் நாம், அதே மாநாட்டைப் பற்றி அவர் எழுதிய இன்னொரு செய்தியைச் சொல்வதில்லை. தமிழ்ப் பேராளர்களுக்குப் பிறர் உண்ணும்போது பார்த்தாலும் தீட்டு. அதனால் அவர்களுக்கு மட்டும் தொலைவில், தட்டி வைத்து அடைத்த தனிச் சமையற்கூடம் அமைக்க வேண்டியிருந்ததாம். சமையற்கூடத்தைத் தட்டி கட்டிப் பிரித்தவர்களின் வழிவந்த நாம் சாவிக்காக ஒன்றரை மணி நேரம் வாதாடியதில் வியப்பென்ன? தனக்கென ஓர் அடைப்பு வேண்டும் என்னும்போது மனிதன் எத்துணை நுட்பமாகத் திட்டமிடுகிறான்!

நம் பேச்சில் வழங்கும் கக்கூஸ் என்னும் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. மலாய் மொழியிலும் அதே சொல் உண்டு. டச்சுக்காரர் 1641-இல் மலாக்காவையும் 1658-இல் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினர். இரு கரையிலும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்களில் இது நிலைத்துவிட்டது. ஆனால் அதனைச் சுமந்த மனிதருக்கு நாம் இட்ட பெயர் நம்முடையதே. அதை எந்த நாட்டவரும் கொண்டுவந்து தரவில்லை. மலக்கூடை சுமக்கும் வேலையில் ஆட்களை அமர்த்துவதை இந்தியா 1993-இல் சட்டத்தால் தடுத்தது. அது போதாமற் போகவே 2013-இல் மீண்டும் ஒரு சட்டம் இயற்றிற்று. ஜொகூருக்கு அக்கரையிலுள்ள சிங்கப்பூரிலும் வாளிக் கழிவறை முறை 1987-ஆம் ஆண்டில்தான் முற்றும் ஒழிந்தது. வாளி போயிற்று, நல்லது. ஆயினும் கழிவறையை அமைப்பவர் ஒருவர், கழுவுபவர் வேறொருவர், இருவரும் ஒரு மேசையில் அமர்வதில்லை என்னும் ஏற்பாடு போகவில்லை.

கேரளத்தின் கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்றொரு கடைவீதி உண்டு. அங்குத் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று விற்பனை செய்த பெண்களுக்குக் கழிவறை இல்லை. நீர் அருந்தாமல் இருந்துகொண்டால் தேவை எழாது என்பதே அவர்களுக்குக் கிடைத்த அறிவுரை. தையற்காரரான விஜி என்னும் பெண்மணியின் முயற்சியில் அவர்கள் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பாகத் திரண்டனர். கழிவறை கேட்டுத் தொடங்கிய குரல் உட்காரும் உரிமை வரையில் வளர்ந்தது. 2018-இல் கேரளம் அவ்வுரிமையைச் சட்டமாக்கிற்று. 2021-இல் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. அப்பெண்கள் எவருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். இரக்கம் வேண்டியவர் கொடுப்பவர் மனநிலைக்குக் காத்திருக்க வேண்டும். உரிமை உடையவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வேலை முடியும் என்று வினவலாம். வினா பொருளற்றதன்று. பணம் எல்லைக்குட்பட்டது, காலமும் அப்படியே. ஆனால் அந்த அறையில் நான் நாளொன்றுக்குச் சில நிமிடம் இருப்பேன். அவர் சில மணி நேரம் இருப்பார். திட்டம் தவறினால் எனக்கு நேர்வது சிறு முகச்சுளிப்பு. அவருக்கு நேர்வது முதுகுவலி. விளைவின் சுமை யார்மேல் மிகுதியாக விழுமோ அவரை முதலில் கேட்பது தானமாகாது, அது கணக்குத்தான். அதிகாரியின் வசதியும் ஒரு தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. அது வரிசையில் முன்னே நிற்பதைத்தான் மறுக்கிறேன்.

கேட்பதிலும் ஒரு பொய் நுழைந்துவிடக்கூடும். அந்த அம்மையாரைக் கூட்டத்துக்கு அழைத்து, குளிரூட்டிய அறையில் நாற்காலியிட்டு, “உங்கள் கருத்தென்ன?” என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஐயா” என்றிருப்பார். வேலை போய்விடுமோ என்னும் அச்சம் உள்ளவரிடம் மேசையின் மறுபுறத்திலிருந்து கேட்பது கேட்பதாகாது. அவர் வேலை செய்யும் இடத்துக்கு, அவர் வேலை செய்யும் நேரத்தில் நாம் செல்ல வேண்டும்.

குழாயை மீண்டும் பொருத்தச் சொல்லி நான் எழுதிய குறிப்பு மேசை மேசையாகச் சுற்றி வர ஓராண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் குத்தகை மாறிவிட்டது. அந்த மூதாட்டியார் எங்குச் சென்றார் என்பதைச் சொல்ல எவரும் இல்லை. அவரிடத்தில் வங்காளதேசத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய மொழி எனக்குத் தெரியாது. என் மலாய் அவருக்கு அரைகுறையாகவே விளங்கிற்று. குழாய் பொருத்துபவர் வந்த அன்று காலை நான் அவரைக் கழிவறை மூலைக்கு அழைத்துச் சென்று சுவரைக் காட்டினேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு வாளியைத் தரையில் வைத்து, அதன் வாய்க்கு ஒரு சாண் மேலே சுவரில் உள்ளங்கையைப் பதித்தார். அந்த உயரத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு இட்டேன்.