மழைக்குப் பயப்படாத அறை

தீபாவளிக்கு மறுநாள் சிவகாசி அடங்கிவிடும். பட்டாசு ஆலைகளைச் சாத்தினால், பூஜை போட்டுத் திறக்கச் சில வாரமாகும். என் மனைவிக்கு வருஷத்தில் நீளமாகக் கிடைக்கும் ஓய்வு அது ஒன்றுதான். நான் அச்சகத்துக்காரன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் வரத் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகையில் மெஷின் இரவு பகலாக ஓடும். அவள் கை ஓயும்போது என் கை நிற்காது. கல்யாணமாகி 22 வருஷம் இப்படியே போய்விட்டது.

போன தீபாவளி முடிந்த ராத்திரி அவளே கேட்டாள்: "ஏங்க, ஒரு மூணு நாள். கடல் சூழ்ந்த ஊரா இருக்கணும். நாம ரெண்டு பேரு மட்டும்."

லீவு கேட்டு வாங்கிவிட்டேன். எங்கே தங்குவது என்பதுதான் பிடிபடவில்லை.

பிள்ளைகள் அந்தமான் என்றார்கள். ஹேவ்லாக் என்று சொல்லிவந்த தீவுக்கு 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்களே, அங்கே போகச் சொன்னார்கள். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் போக்கிலேயே தீர்ந்துவிடும். விமானம் எங்கள் கைக்கு எட்டாது. நாலைந்து மணி நேரத்தில் பஸ்ஸிலேயே போகக்கூடிய தீவு எங்களுக்கு ஒன்று உண்டு, அருப்புக்கோட்டை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி பாம்பன் பாலம் ஏறினால் ராமேஸ்வரம்.

அம்மா முகம் சுளித்தார். "ராமேஸ்வரத்துக்குத் திதி குடுக்கப் போவாங்க, பிள்ளை வரம் கேட்டுப் போவாங்க. சோடியா சுத்தவா போவாங்க? அதுவும் புயல் காலத்துல." அவர் நினைத்தது 1964-ஐ. அந்த டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அன்று அங்கே வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தனுஷ்கோடியில் ராத்தங்காமல் ராமேஸ்வரம் திரும்பியதால் பிழைத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். எங்கே படுத்து எழுந்தோம் என்பதில் உயிரே நின்ற கதை அது. அம்மா சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. இன்றும் தனுஷ்கோடியில் சாயங்காலத்துக்கு மேல் யாரையும் நிற்க விடுவதில்லை.

அறை தேட உட்கார்ந்தபோது என் தொழில் குறுக்கே வந்தது. தென்னை, வெள்ளை மணல், நீலக்கடல் என்று சீனரி படம் எத்தனை ஆயிரம் ஓட்டியிருப்பேன்! "நீலத்தைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. சாம்பல் பூத்த கடல் என் கண்ணெதிரே பச்சையும் நீலமுமாக மாறும். அதனால் செல்போனில் காட்டிய அறைப் படங்களில் என் கண் ஓரத்துக்குத்தான் போனது. சட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? பக்கத்துச் சுவர் எவ்வளவு கிட்டே? கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் விடிவதற்கு முன்பே நடமாட்டம் தொடங்கிவிடும். 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு வந்து உடைமாற்றிக் கிளம்புகிறவர்களுக்கான அறைகள் அவை. அதில் குறை சொல்ல ஏதுமில்லை, ஆனால் நாங்கள் போவது அதற்கல்ல.

அவளிடம் கேட்டேன், உனக்கு எப்படி இருக்கணும் என்று. "ரெண்டு கதவு இருக்கணும்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வெளியே போகிற வழி பார்த்துத்தான் உட்காருவாள். 22 வருஷமாகப் பார்த்தும் அது என்னவென்று நான் யோசித்ததில்லை.

கடைசியில் தங்கச்சிமடத்தில் கிடைத்தது. அந்தத் தீவில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று ஊர்ப்பெயரே மடம்தான். வருகிறவர்கள் தங்கிப்போன நிலம். மீன்பிடிக் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டை ஒட்டி இறக்கியிருந்த ஒற்றை அறை, தகரக் கூரை, முன்னால் அகலமான தாழ்வாரம், முன்னும் பின்னும் கதவு. அறையிலிருந்து கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

போய் இறங்கிய அன்றே பாம்பனில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊர் மழை இல்லாததால் பிழைத்த ஊர். அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து நூறு வருஷம் ஆகிறது. அந்தத் தொழில் வேர்விட்டது வறண்ட காற்றில்தான். மழை வந்தால் காயப்போட்டதெல்லாம் பாழ். இடி இடித்தால் அறையை விட்டு ஓடி வரவேண்டும். அச்சகத்தில் காற்று ஈரமானால் தாள் விரிந்து, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் உட்காராது. எங்கள் இரண்டு பேருக்கும் மழை என்றால் வாரக் கூலி குறையும் என்று அர்த்தம். கரிசல் பூமியில் பிறந்தும் மழையை முழுசாக வரவேற்று நின்றதில்லை.

தகரத்தில் முதல் சடசடப்பு கேட்டதும் அவள் தூக்கத்திலேயே எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கப் போனாள். தார்ப்பாய் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. தாழ்வாரத்து விளிம்பில் ஒரு கால் நனைந்த பிறகுதான் நின்றாள். வெளியே வெறும் மணல். மூடவும் எடுத்துவைக்கவும் அங்கே ஒன்றுமில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, காலை மழைக்கு நீட்டிக்கொண்டாள். நானும் போய் உட்கார்ந்தேன். விடியும்வரை பேசினோம். அவளுக்கு இளம் வயதில் டீச்சராக ஆசை இருந்ததாம். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாளும் மழை விடவில்லை. தீவில் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவும் இல்லை. வீட்டுக்கார அக்கா மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவருடைய கணவர் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், படகு கட்டிக் கிடந்தது.

என் மனைவி அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் குழம்புச் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு அந்த அக்காவிடம் போனாள்.

"எத்தனை நாளாக்கா போகலை?"

"இன்னியோட அஞ்சு நாளும்மா."

அவள் உடனே திரும்பி வரவில்லை. அடுப்படிப் படியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காயப்போட்ட கட்டுகள் நனைந்துபோன வருஷத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.