துன்பம் தானே மனிதனை உயர்த்துமா?

'துன்பம் மனிதனைப் புடம்போடுகிறது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நெருப்பிலிட்ட பொன் ஒளிர்கிறது, விறகோ சாம்பலாகிறது. நெருப்பு ஒன்றுதான். அப்படியானால் உயர்வுக்குக் காரணம் துன்பமா, வேறொன்றா? வெவ்வேறு நாடுகளில் தோன்றிய மூன்று நாவல்கள் இக்கேள்வியைச் சிந்திக்கத் துணைபுரிகின்றன.

1862-இல் வெளிவந்த விக்டர் ஹ்யூகோவின் நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். அதன் நாயகன் ழான் வல்ழான், ரொட்டி திருடியதற்காகவும் தப்ப முயன்றதற்காகவும் 19 ஆண்டுகள் சிறையில் வாடுகிறான். அத்துன்பம் அவனை உயர்த்தவில்லை. வெறுப்பால் இறுகச் செய்தது. விடுதலைக்குப்பின், தனக்கு உணவும் படுக்கையும் அளித்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களையே திருடுகிறான். பிடிபட்டபோது, 'அவை நான் கொடுத்தவையே' என்று கூறி, வெள்ளி விளக்குத்தண்டுகளையும் சேர்த்தளிக்கிறார் அப்பெரியவர். அந்த அன்பே அவனைத் திருத்துகிறது. பின்னாளில் வேறொருவன் ழான் வல்ழான் எனத் தவறாகக் குற்றம்சாட்டப்பட்டபோது, நீதிமன்றத்தில் தானே முன்வந்து உண்மையைக் கூறுகிறான்.

பிரேம்சந்தின் 'கோதான்' (1936) காட்டும் ஹோரி ஓர் ஏழை உழவன். அவனுடைய பசுவைத் தம்பியே நஞ்சிட்டுக் கொல்கிறான். மகனால் கருவுற்று வாசலில் வந்து நின்ற விதவைப் பெண்ணை ஹோரியும் மனைவி தனியாவும் ஏற்றுக்கொள்கின்றனர். அதற்காகப் பஞ்சாயத்து விதித்த அபராதம் அவர்களை மேலும் கடனில் ஆழ்த்துகிறது. கடன் நெருக்க, இளைய மகளின் திருமணத்திற்குப் பணம் பெற்று நாணிக் குறுகவும் நேர்கிறது. நல்லவனையும் வறுமை தாழ்த்தக்கூடும் என்பதைப் பிரேம்சந்த் மறைக்கவில்லை. இறுதியில் கூலிவேலையில் சாய்ந்து ஹோரி மடிகிறான்.

ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' (1952) நாவலில், 84 நாட்கள் மீன் கிடைக்காத கியூபா மீனவர் சாந்தியாகோ, பெருமீன் ஒன்றைப் பிடித்தும் அதனைச் சுறாக்களுக்குப் பறிகொடுத்து, எலும்புக்கூட்டுடன் கரை சேர்கிறார். அவருடைய புண்பட்ட கைகளைக் கண்டு அழும் சிறுவன், இனி அவருடனேயே கடலுக்குச் செல்வதென உறுதிகொள்கிறான்.

உலகியல் நோக்கில் ஹோரியும் சாந்தியாகோவும் தோற்றவர்களே. ஆயினும் இம்மூன்று கதைகளிலும் ஓர் உண்மை மிளிர்கிறது. மனிதனை நிமிர்த்துவது துன்பமன்று. துன்பத்தின் நடுவே ஒருவர் மற்றொருவருக்கு நீட்டும் கை. தான் பட்ட துயரைப் பிறர்மீது சுமத்த மறுப்பவனே துன்பத்தை வென்றவன். அவன் கையில் எதுவும் மிஞ்சாமற் போகலாம்.

எனவே, துயருறுவோரிடம் 'எல்லாம் உன் நன்மைக்கே' என்று உபதேசிக்குமுன் சற்றுத் தயங்குவோம். ஹோரிக்குத் தேவைப்பட்டது உபதேசமன்று. கடன் சுமையில் பங்கேற்கும் ஒரு தோள். அந்தத் தோளாக இருப்பது நம் கடமையன்றோ?