விடுபட்ட கட்டங்கள்

என் தமக்கை மகன் சென்னையில் ஓவியம் படித்தவன். ஆனால் அவன் தூரிகையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. காமிராவும் கணிப்பொறியுந்தான் அவனுக்குத் துணை. சென்ற ஆண்டு அவன் ஒரு வீடியோக் கலைக் காட்சி தயாரிக்கப் புறப்பட்டான். இருட்டறை ஒன்றின் சுவர்களிலும் கூரையிலும் படம் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்காராமல் அந்த ஒளிக்குள்ளேயே நடந்து போவார்கள். அதற்கு அவன் எடுத்துக்கொண்ட பொருள் சித்தன்னவாசல்.

"தாமரைக் குளந்தானே?" என்றேன். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவன் வேறு எதைக் கேட்பான்?

"இல்லை மாமா. கருவறையின் கூரை" என்றான்.

எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தக் கூரையை நான் சரியாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் முன் மண்டபத்திலேயே நின்றுவிடுவோம். அங்கே மீனும் அன்னமும் எருமையும் யானையும் உண்டு. தாமரை பறிக்கும் மனிதர்கள் உண்டு. தூண்களில் ஆடும் பெண்கள் உண்டு. அவ்வளவையும் கண்ட கண் உள்ளே போகும்போது களைத்துப் போகிறது.

இந்தத் தடவை அவனோடு போய், ஏறத்தாழ ஒன்பதரை அடிச் சதுரமான அந்தச் சின்ன அறையில் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். பாறையைக் குடைந்து, சுண்ணச்சாந்து பூசி, மேலே ஒரு ஜமக்காளத்தைத் தலைகீழாக விரித்தாற்போல் தீட்டியிருக்கிறார்கள். கோடுகளால் கரை கட்டி, சதுரங்களும் வட்டங்களுமாகப் பின்னிய கோலம். இடையிடையே தாமரையும் மனித உருவங்களும் சிங்கங்களும். பின்சுவரில் மூன்று திருவுருவங்கள் அசையாமல் அமர்ந்திருக்கின்றன. மின்விளக்கு இல்லாத நாளில் அகல் விளக்கின் சுடர் ஆட ஆட இந்தக் கட்டங்களும் ஆடியிருக்கும். மருமகன் செய்யப் புறப்பட்டது அப்படியொன்றும் புதிய காரியமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு வீட்டில் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினான். பல இடங்களில் சாந்து உதிர்ந்து வெறும் பாறை தெரிந்தது. அவன் ஏதோ பொத்தானைத் தட்டினான். இருக்கும் கட்டங்களிலிருந்து இல்லாத கட்டங்கள் முளைத்தன. கூரை முழுவதும் நேற்றுத் தீட்டியதுபோல் நிரம்பிவிட்டது. எனக்கே மெய் சிலிர்த்தது, பொய் சொல்வானேன்!

பிறகுதான் ஒரு சங்கடம் தோன்றியது. "இது அவன் தீட்டியதில்லையே" என்றேன்.

"தாமரைக் குளத்தில் இப்படிச் செய்தால் தப்பு மாமா. உதிர்ந்த இடத்தில் மீன் இருந்ததோ, மொட்டு இருந்ததோ, யாருக்குத் தெரியும்? ஆனால் இது கணக்கு. இரண்டு கட்டம் தெரிந்தால் மூன்றாவது தானே வரும். கணக்கு எப்படிப் பொய்யாகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை.

என் தகப்பனார் பம்பாயில் வேலை பார்த்தவர். மாதம் இரண்டு கடிதம் அம்மாவுக்கு எழுதுவார். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பாதிக் கடிதங்களில் கரையான் ஏறியிருந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் நான்தான் படித்துக் காட்டினேன். ஓட்டை வந்த இடத்தில் நிறுத்த மனம் வரவில்லை. அவர் நடை எனக்குத் தெரியும். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருமென்று கணக்குப்போல் தெரியும். நிரப்பினேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு பாரமா? அம்மா கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் செய்தது கருணை என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

மருமகனின் கணக்கு என்னை அந்தப் பெட்டியிடம் கொண்டுபோய்விட்டது. விதி தெரிந்தால் மிச்சத்தை நிரப்பலாம், சரி. ஆனால் தீட்டியவனுக்கு விதியை மீறும் உரிமை இருந்ததே! ஒரு சிங்கத்தை அவன் வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். கை தவறியிருக்கலாம், தவறியதை ரசித்து அப்படியே விட்டிருக்கலாம். அந்த இடத்தில் மீறினானா இல்லையா என்பது சாந்தோடு போய்விட்டது. என் தகப்பனாரும் அப்படித்தான். அந்த ஓட்டையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். அதைத்தான் நான் வழக்கமான வார்த்தையால் மூடிவிட்டேன்.

பழையதில் கையே வைக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. சித்தன்னவாசலிலேயே கை வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள் மண்டபத்தைப் புதுப்பித்து முன்னால் ஒரு மண்டபமும் எடுத்தார். செய்ததைத் தமிழ்ப் பாட்டாகக் கல்லிலும் வெட்டி வைத்தார். முதலில் குடைவித்தது பல்லவரா பாண்டியரா என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள்; புதுப்பித்தவரைப் பற்றி அந்த வழக்கு இல்லை. பெயர் ஆசை என்று சிரிக்கலாம். எனக்கோ அது நாணயமாகப் படுகிறது.

மறுநாள் மருமகனே இன்னொரு கதை சொன்னான். 1969-ல் பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்ஸி நடத்திய பட்டறையில் நளினி மலானி என்ற இளம் ஓவியர் ஒரு சிறு படம் எடுத்தார். கட்டிட மாதிரிகளை வைத்து, வண்ண ஒளி பாய்ச்சி, ஒவ்வொரு சட்டமாகப் பிடித்த படம். 'கனவு வீடுகள்' என்று பெயர். சுதந்திர இந்தியா கட்டப்போகும் வீடுகளின் கனவு அது. எங்கும் சதுரமும் நிறமும். ஏழு ஆண்டு கழித்து, 1976-ல், பம்பாயின் குடிசைகளை ஓர் இளம்பெண் பார்த்து நிற்பதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பழைய படத்தைத் திருத்தவில்லை, அழிக்கவுமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு 'உட்டோப்பியா' என்றார்.

சொல்லி முடித்துவிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

காட்சியன்று அம்மாவையும் அழைத்துப் போனேன். கூரையில் கட்டங்கள் மெள்ள மலர்ந்து நகர்ந்தன. உதிர்ந்த இடங்கள் இருட்டாகவே இருந்தன. எதிர்ச் சுவரில், தனியாக, அவன் கணக்கிட்டுப் போட்ட கட்டங்கள் வெறும் வெள்ளைக் கோடுகளாக ஓடின. கீழே அவன் பெயர். நிரம்பிய கூரையின் அழகு இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வந்தவர்களில் இரண்டொருவர் இன்னும் வேலை முடியவில்லையோ என்று கேட்டார்கள்.

"அங்கே ஏனப்பா இருட்டாயிருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"அங்கே சாந்து உதிர்ந்து போச்சு, அம்மாச்சி."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அந்த வாரமே டிரங்குப் பெட்டியை எடுக்கச் சொல்லி, ஒரு கடிதம் படிக்கச் சொன்னாள். ஓட்டை வந்தது. இந்தத் தடவை நிறுத்தினேன். "இங்கே கரையான் அரிச்சிருக்கும்மா" என்றேன்.

"தெரியும். மேலே படி" என்றாள்.