குறியும் அணியும்

தெய்வத்தை உணர்த்தும் ஒரு குறி, பொருளறியாதார் கையிலும் தெய்வக் குறியாகவே நிற்குமோ, அன்றி வெறும் அணியாய் ஒழியுமோ என்னும் வினா, சைவாசிரியர் வகுப்பறையில் நாடோறும் எதிர்ப்படுவதொன்றாம். மாணவன் கழுத்திலே ஓங்காரப் பதக்கம் தொங்குகின்றது. அதன் பொருள் யாதென வினவின், "அம்மா வாங்கித் தந்தவ" என்பான். கலியாண அழைப்பிதழின் முகப்பிலே விநாயகப்பெருமான் எழுந்தருளியிருக்கின்றார். மறுவாரம் அவ்விதழ் குப்பைக் கிடங்கிலே கிடக்கின்றது. இவ்வினாவை நம் வீட்டுப் பொருள்களை வைத்தே ஆராயப் புகின் பழக்கம் கண்ணை மறைக்கும். ஆதலின், முதற்கண் பிறநாட்டுக் குறியொன்றை எடுத்து நோக்குவாம்.

பண்டை எகிப்து நாட்டார் 'அங்க்' என வழங்கிய குறி, மேலே நீண்ட வளையமும், அதன்கீழ்க் குறுக்குக் கோலும், நடுவே இறங்கும் நேர்கோலும் உடையது. அஃது அவர்தம் சித்திர எழுத்துக்களுள் ஒன்று; 'உயிர்', 'வாழ்வு' என்பன அதன் பொருள். அதன் வடிவு செருப்பு வாரினின்று வந்ததென்று ஆங்கில அறிஞர் அலன் கார்டினர் கருதினர். துணிமுடிச்சு என்பாரும் உளர். செருப்பு வாரே ஆயினும் இழுக்கில்லை. குறியின் பெருமை அது பிறந்த இடத்தைப் பற்றியதன்று. கோயிற் சுவர்களிலே தெய்வங்கள் இக்குறியை அரசனது மூக்கினருகே நீட்டி நிற்பன. உயிர்ப்பாவது மூச்சன்றோ! தெய்வங்கள் இருபுறமும் நின்று அரசனை நீராட்டுங் காட்சியிலே, குடத்தினின்று ஒழுகும் நீர் அங்க் குறிகள் கோத்த தாரையாகவே செதுக்கப்பட்டிருக்கும். அபிடேக தீர்த்தத்தைக் கைநீட்டி ஏற்கும் நமக்கு இதன் கருத்தை எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்நாட்டார் மொழியிலே கண்ணாடிக்கும், தெய்வத்துக்குப் படைக்கும் மலர்க்கொத்துக்கும் இச்சொல்லே பெயராயிற்று. 1922 ஆம் ஆண்டு கண்டறியப்பெற்ற துதன்காமுன் அரசனது கல்லறையிலே, பொற்றகடு போர்த்த கண்ணாடிப் பேழையொன்று அங்க் வடிவினதாகவே கிடைத்தது. அவ்வரசன் பெயரின் நடுவே நிற்பதும் இச்சொல்லேயாம்.

ஆகவே, எகிப்தியர் தாமும் இதனை அணியாகக் கொண்டனர். சுவரிலும் இருக்கையிலும் தாயத்திலும் நிரம்ப வைத்தனர். அணியாதல் குற்றமன்று என்பது இதனாற் பெறப்படும். நம் கோயில்களிலும் அலங்காரம் ஒரு திருத்தொண்டன்றோ? அவர் அணிந்தது தாம் பொருளறிந்த ஒன்றை. தங் கோயிலிலே நாடோறும் நிகழ்ந்த கிரியையோடு ஒட்டி நின்ற ஒன்றை. வேறுபாடு அங்கேதான் உளது.

அக்கிரியை அற்ற பின் நிகழ்ந்தது யாது? கி.பி. 391 அளவில் அலெக்சாந்திரியா நகரத்துச் செராப்பிசு கோயில் இடிக்கப்பட்டபோது, கற்களிலே சிலுவை போன்ற எழுத்துக்கள் காணப்பட்டன. கிறித்தவர் அவை தம்முடையன என்றனர். பழஞ்சமயத்தார் அவை கிறித்துவுக்கும் செராப்பிசுக்கும் பொதுவாயின என்றனர். அவ்வெழுத்தை வாசிக்க வல்ல சிலர், 'வரும் வாழ்வு' என்பதே பொருள் என விளக்கினராம். இதனை எழுதி வைத்தவர் சோக்கிரத்தீசு என்னும் திருச்சபை வரலாற்றாசிரியர். கிரேக்க ஞானியாகிய சோக்கிரத்தீசு வேறு. நாளறியப்பட்ட சித்திர எழுத்துச் சாசனங்களுட் கடைசியானது பிலே என்னுந் தீவிலே கி.பி. 394 இல் வெட்டப்பட்டது. பின்னர் அவ்வெழுத்தை வாசிப்பார் அற்றனர். 1822 இலே பிரெஞ்சு அறிஞர் சம்போலியன் அதன் திறவுகோலைக் காணுமளவும் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அது வாய்திறவாது நின்றது. (நம் நாவலர் பெருமான் நல்லூரிலே அவதரித்ததும் அவ்வாண்டே.) எனினும், எகிப்தியக் கிறித்தவர் அவ்வடிவைத் தம் சிலுவையாக ஏற்று, ஏட்டிலும் ஆடையிலும் வரைந்து வழிபட்டனர். பழைய வழிபாடு அற்ற குறி வேறொரு வழிபாட்டினுள்ளே மீண்டும் உயிர்த்தது.

இக்காலத்து மேனாடுகளில் அங்க் கழுத்தணியாகவும் வீட்டுப் பீடத்து அலங்காரமாகவும் விலைப்படுகின்றது. கனடாவில் வாழும் பழைய மாணவரொருவர் அண்மையில் எமக்கு எழுதினார். அவர் மகள் பித்தளை அங்க் ஒன்றை வாங்கி வந்து, "இது உயிரின் குறி, பார்வைக்கும் அழகு" என்று சொல்லிச் சுவாமியறையிலே வேலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாளாம். கரவெட்டியிலிருக்கும் பாட்டியார் அதனைத் தொலைபேசியிற் கண்டு, பேய்க்குறி என்று சினந்தனராம். யாது செய்வதென்பது வினா.

பாட்டியார் சினத்தை யாம் ஏற்கமாட்டோம். இளமையில் யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே, போதகரொருவர், "உங்கள் கோயிலிற் கல்லையும் இரும்பையுங் கும்பிடுகிறார்கள்" என்று அடிக்கடி சொல்வார். அவர் முதுகின் பின்னே சுவரில் மரச்சிலுவை இருந்தது. அதனை மரம் என்று மாணவர் எவருஞ் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவுமில்லை. அந்த மரியாதை எகிப்தியன் குறிக்கும் உரியது.

அற்றேல், எத்தெய்வத்தை வழிபட்டாலும் அவ்வழிபாட்டை ஏற்றருள்பவன் சிவபெருமானே என்று சிவஞான சித்தியார் கூறுதலின், அங்க் வேலின் பக்கத்திருத்தற்குத் தடை என்னை எனின், கூறுதும். அருணந்தி சிவாசாரியர் அங்கே பேசியது வழிபட்டானைப் பற்றி. நைல் நதிக்கரையிலே விடியலில் எழுந்து, நீராடி, மலர்க்கொத்து ஏந்தி நின்ற பூசகனைச் சிவன் ஏற்றான் என்பதில் எமக்கு ஐயமில்லை. கடையில் அழகுகண்டு வாங்கிய பித்தளையை மாடத்தில் வைத்தவள் வழிபட்டவள் அல்லள், வைத்தவள் மாத்திரமே. இரண்டையும் ஒன்றாக்குதல் எகிப்தியனுக்கும் நீதியன்று, நமக்கும் நீதியன்று.

இனி வேலை நோக்குக. நல்லூரிலே கருவறையில் வேலே மூலமூர்த்தமாக விளங்குகின்றது. ஆகமவிதிக்கு இஃது ஒவ்வுமோ என்று நாவலர் 1870களிலே வெளிப்படையாக வினாவினார். ஊரார் பகையையும் ஏற்றார். அவர் முடிபை ஏற்பாரும் மறுப்பாரும் இன்றும் உளர். யாம் வேலின் பக்கத்தினேம். ஆயினும், தாம் பிறந்த ஊர்க் கோயிலின் வேலையே 'எவ்விதியால் இங்கு நின்றாய்?' என்று கேட்கத் துணிந்தவரின் வழிவந்த நாம், கடைப்பித்தளையை ஒன்றுங் கேளாது பீடத்தேற்றுதல் எங்ஙனம்? எம்மூரிலிருந்து பலர் நடந்தே செல்லுஞ் செல்வச்சந்நிதியிலும் வேலே வழிபடப்படுகின்றது. அங்கே பூசகர் வாயைத் துணியாற் கட்டி, மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்வர். தொண்டைமானாற்றங்கரையில் அவ்வேலுக்கு ஆகம நூல் காட்டுதல் அரிது; தலைமுறை தலைமுறையாக ஒருநாளும் ஒழியாத தொண்டைக் காட்டுதல் எளிது. அத்தொண்டு ஒருகாலத்து ஒழியுமேல், அதனையுங் கண்ணாடிப் பெட்டியுள் வைத்து, 'இரும்பு, இன்ன நூற்றாண்டு' என்று சீட்டொட்டுவர். கெய்ரோ நூதனசாலையிலே அங்க் குறிகள் அவ்வாறே இருக்கின்றன.

ஆதலின், மாணவர்க்கு யாம் எழுதிய மறுமொழி இது: அங்கை எறியற்க, மகளைக் கடியவும் வேண்டா. அதன் வரலாற்றை அவளே தேடிப் படித்து நும் வீட்டாருக்குச் சொல்லட்டும். புத்தக அலுமாரியின் மேல் அதற்கு நல்லதோரிடம் கொடுமின். சுவாமியறையை வழிபடப்படுவனவற்றுக்கே விடுமின். கூடவே மற்றொன்றுங் கேட்டோம்: அதே அறையிலிருக்கும் வேலுக்கு நுங்கள் வீட்டில் யார், எந்நாளில், பூச் சாத்துகின்றீர்கள்? முதற்பகுதிக்கு நன்றி கூறி அன்றிரவே எழுதினார். பிற்பகுதிக்கு மறுமொழி இன்னும் வரவில்லை.