கேட்டபடி வராத வரம்



நிழல் தாங்கலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கேட்டுத்தான் வருகிறார்கள். பிள்ளைக்கு வேலை, மகளுக்கு வரன், படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்குச் சுகம். கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? கேட்டது கேட்டபடி நடந்துவிட்டால் நன்றி சொல்வது எளிது. அன்னதர்மத்துக்கு ஒரு மூட்டை அரிசி தானாகவே வந்து இறங்கும். கேட்டது நடக்காமலே போனாலும் மனம் சில காலம் அழுதுவிட்டு ஆறிவிடும். கேட்டது வேறொரு உருவத்தில் வந்து நிற்கும்போதுதான் தடுமாற்றம். வரம் வந்ததா, வரவில்லையா என்றே விளங்காது. நன்றி சொல்வதா, முறையிடுவதா என்று தெரியாமல் பள்ளியறைக் கண்ணாடி முன்னால் கைகூப்பி நிற்கிற அன்புக்கொடி மக்கள் உண்டு. அவர்கள் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிட்டது என்று பக்கத்தில் நிற்பவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

நெய்வேலியில் வாழ்கிறவர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் துளை போட்டது தண்ணீருக்காக. தண்ணீரோடு கருப்புத் துகள்களும் மேலே வந்தன. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. அந்தக் கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். தண்ணீர் தேடியவருக்குக் கரி கிடைத்தது. கரி தேடியவர்களுக்கு ஓயாத தண்ணீர் கிடைத்தது. அந்தக் கரியை நம்பித்தான் குமரிச் சீமையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் தலைப்பாகையையும் திருநாமத்தையும் கைவிடாத குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின.

இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தாங்கிய ஒரு தாயை ஏடு காட்டுகிறது. அய்யாவின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் பொதுவாக அவரைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். வெயிலாள் அம்மையைத்தான் சொல்கிறோம்.

1809-ல் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள். எளிய சாதிப் பிள்ளைக்கு இந்தப் பெயரா என்று மேல்சாதியார் தடுத்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டி வந்தது. பெற்ற பிள்ளையின் பெயரைக்கூடத் தாய் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத காலம் அது. அந்தப் பிள்ளை வளர்ந்து இல்லறத்தில் இருந்தபோது கொடிய நோய் வந்து படுத்தது. வைத்தியம் பலிக்கவில்லை. திருச்செந்தூருக்குக் கொண்டு போனால் சுகமாகும் என்று தாய்க்குச் சொப்பனத்தில் உத்தரவாயிற்று. மாசித் திருவிழாக் காலத்தில், நடக்கமாட்டாத மகனைச் சுமக்க வைத்து, உறவினரோடு அந்தத் தூரம் முழுவதும் நடந்தார் அம்மை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. என் மகன் எழுந்து நடக்க வேண்டும்.

மகன் கடலுக்குள் இறங்கினார், மறைந்தார். கரையில் நின்ற தாயின் நிலையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கொல்லம் 1008 மாசி 20-ம் நாள் கடலிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நோய் இல்லை. நடை உண்டு. அதே முகம், அதே மேனி. தாய் மகனே என்று ஓடினார். வந்தவரோ, தாம் இப்போது நாராயணரின் பிள்ளை, வைகுண்டர் என்றார்.

இன்றைக்கு அந்த மாசி 20-ஐ ஊர்வலமாகவும் உம்பான் அன்னமாகவும் கொண்டாடுகிறோம். உலகத்துக்கு அது அவதார தினம். வெயிலாள் அம்மைக்கு அது என்ன தினம்? கேட்ட வரம் ஒரு எழுத்துக் குறையாமல் கிடைத்தது. மகன் எழுந்தான், நடந்தான். ஆனால் மகனாக நடக்கவில்லை. பூவண்டன்தோப்புக்குத் திரும்பி வந்தவர் தவத்தில் அமர்ந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த மேடையில். எழுந்து நடக்க வேண்டும் என்று நேர்ந்து கேட்ட தாய், குழிக்குள் அசையாமல் இருந்தவரையே பார்க்க வேண்டியிருந்தது.

இதில் அவர் அழுதிருக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சில பெரியவர்கள், உலகத்தையே காக்க வந்தவரைத் தந்த பிறகு தாய்க்கு என்ன வருத்தம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பக்தி இருக்கிறது, இரக்கம் இல்லை. ஒன்றைப் பெற்றதற்காக நன்றி சொல்லும் நெஞ்சு, இழந்ததற்காக அழுதால் அந்த நன்றி பொய்யாகிவிடாது. இரண்டும் ஒரே நெஞ்சில், ஒரே நாளில் இருக்க முடியும்.

அய்யா காணிக்கையையும் உயிர்ப்பலியையும் விலக்கியதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் நோய் தீர்ந்தால் கிடா, பிள்ளை பிறந்தால் சேவல், வழக்கு ஜெயித்தால் உண்டியலில் பணம் என்று நேர்ந்துகொள்வதே வழக்கம். சந்தையில் நடப்பதுபோல ஒரு பேரம் அது. பேரத்தில் சரக்கு மாறி வந்தால் சண்டை போடலாம், திருப்பிக் கொடுக்கலாம். அய்யா பேரத்தையே நிறுத்திவிட்டார். காணிக்கை வேண்டாம், பலி வேண்டாம், இருப்பதைக் கொண்டு பசித்தவனுக்கு அன்னம் போடு என்றார். இது பணம் மிச்சமாவதற்கு மட்டும் சொன்னது என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் ஏழைக்குப் பெரிய உதவிதான். அதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. விலை கொடுக்காதவன் சரக்கு மாறிவிட்டது என்று வழக்குப் போட முடியாது. அழலாம், அப்பனே என்று முறையிடலாம். கணக்குக் கேட்க முடியாது.

நெய்வேலியிலிருந்து பேருந்தில் பண்ருட்டிக்குப் போனால், ஊரை ஒட்டிக் கெடில ஆற்றங்கரையில் திருவதிகை. பலாப்பழம் வாங்கப் பண்ருட்டிக்குப் போகும் நம்மவர்கள் பலர் அந்தக் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கேயும் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்ன திலகவதியாரின் கதை.

திருவாமூரில் பிறந்தவர். அவருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் மாண்டார். தாய் தகப்பனும் இல்லை. உயிரை விட்டுவிடத் துணிந்தவரை, நீ போனால் நானும் போவேன் என்று தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து தடுத்தார். அந்தத் தம்பிக்காகவே உயிர் வைத்திருந்தார். அப்படி இருந்தவரை விட்டுத் தம்பி சமண சமயம் சேர்ந்து, இன்றைய கடலூர்ப் பக்கத்திலிருந்த பாடலிக்குப் போய்விட்டார். அங்கே தருமசேனர் என்ற பெயரில் பெரிய நிலை அடைந்தார். (சமணரும் தவம் செய்தவர்களே. இந்தக் கதையைச் சாக்கிட்டு அவர்களை ஏசுவது ஒற்றுமையைச் சொன்ன அய்யாவின் வழிக்கு ஆகாது.) அக்காள் திருவதிகைக்கு வந்து கோயில் வாசலைக் கூட்டி, சாணமிட்டு மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். தாங்கலில் விடியுமுன் வந்து வாசல் தெளிக்கிற தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. தம்பி திரும்ப வேண்டும் என்று அவர் கேட்டார். என்ன வந்தது? தம்பிக்குச் சூலைநோய் வந்தது. குடலை முறுக்கும் வலி. வைத்தியத்துக்கும் மந்திரத்துக்கும் அடங்காமல் தம்பி இரவோடு இரவாக அக்காளைத் தேடி வந்தார்.

அக்காள் கேட்ட வரம் தம்பியின் வயிற்றில் நெருப்பாக வந்திருக்கிறது. இதற்கு நன்றி சொல்வதா? அவர் செய்ததைச் சேக்கிழார் சொல்கிறார். அன்றுதான் சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. திருநீறு கொடுத்தார். விடியும் முன் வழக்கமாகப் போகும் வேலைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார். அங்கே நீறு, நமக்குத் திருமண்ணும் பதமும். வேறுபாடு அவ்வளவுதான். நோய் தீர்ந்தது, மருள்நீக்கியார் நாவுக்கரசர் ஆனார். பிறகு நடந்ததுதான் வெயிலாள் அம்மையை நினைவூட்டுகிறது. நாவுக்கரசர் அக்காளோடு இருந்துவிடவில்லை. அரசனின் நீற்றறையையும் நஞ்சையும் கடந்து, கையில் உழவாரத்தோடு ஊர் ஊராய் நடந்து, கடைசியில் திருப்புகலூரில் முடிந்தார். அக்காள் கேட்டுப் பெற்ற தம்பி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அக்காளுக்கு மிஞ்சியது திருவதிகை வாசலும் துடைப்பமும்.

இரு பெண்களும் பெற்றதைத் தமக்கென்று பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. வந்தது மகனல்ல என்றால் அவருக்குப் பணிவிடை செய்வது, தம்பி தங்கமாட்டார் என்றால் வாசலை மறுநாளும் கூட்டுவது, இதற்கு மேல் நன்றி என்று ஒன்று மனிதருக்குச் சாத்தியமா என்று யோசிக்க வேண்டும். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று வாயால் சொல்வது இதில் கால்பங்குகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாற்றத்தை ஏற்றுக்கொள் என்ற சொல்லைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். பறிகொடுத்தவனிடம் போய்ச் சொன்னால் அது அநியாயத்துக்குத் துணை போவதாகிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தன் வைத்த மரங்கள். புயலிடம் யாரும் நியாயம் கேட்கவில்லை. அழுதார்கள், மறுபடி கன்று வைத்தார்கள். 2023 ஆடியில் வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. அங்கே அழுத உழவன் நியாயம் கேட்டான். கேட்க வேண்டியவன்தான். சுரங்கச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பம் அவனிடம் போய், இதுவும் அய்யா சித்தம் என்று ஆறுதல் சொல்லக் கூடாது. அந்தச் சம்பளத்துக்கு அடியில் யாரோ ஒருவருடைய வயல் இருந்தது என்று நினைத்துப் பார்ப்பதும் நன்றியில் சேர்ந்ததுதான்.

அய்யாவே இரண்டையும் செய்து காட்டினார். அரசன் ஆள் அனுப்பியபோது ஓடி ஒளியவில்லை, நடந்து போனார். சிங்காரத்தோப்புச் சிறையில் நஞ்சும் புலிக்கூண்டும் வந்தன, பொறுத்தார். ஆனால் நடந்ததை நியாயம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கலிநீசன் என்று பெயர் சொல்லியே அழைத்தார். தம் சாதியாரோடு மட்டும் இருப்பதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்றபோது அதற்கு இணங்கவில்லை. நோயையும் கடலையும் ஏற்றவர், அந்த ஒரு காகிதத்தை ஏற்கவில்லை.

நெய்வேலி வட்டங்களில் மாதந்தோறும் ஒரு சிறிய மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. முப்பது, முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர் ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் அந்த வீட்டில்தான் தவழ்ந்தார்கள், ஒரு சாவு, ஒரு கல்யாணம் அங்கேதான் நடந்தது. வீடு அவர்களுடையது அல்ல என்று முதல் நாளே தெரியும். தெரிந்தும் கொல்லையில் முருங்கை வைத்தார்கள், மா வைத்தார்கள். ஊருக்குத் திரும்பினால் ஊரும் மாறிப்போயிருக்கும். சாமிதோப்புக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றால், வேலைக்குக் கிளம்பிய அன்று அதில் தெரிந்த முகம் இருக்காது.

சாமான்களை வண்டியில் ஏற்றிய பிறகும் சிலர் கொல்லைக்குப் போய் அந்த முருங்கைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்கள். அடுத்து அந்த வீட்டுக்கு யார் வரப்போகிறார் என்று அவர்களுக்குத் தெரியாது.