வழியில் ஒரு வீடு

நெடுவழி நடக்கிறவன் நடுவில் தன் வீட்டுக்குள் நுழைந்து இரண்டு நாள் இளைப்பாறலாமா? கேட்பதற்கு மிகச் சிறிய கேள்வி. கால் வலித்தால் உட்காருவதற்குக்கூட நியாயம் தேட வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் மதுரைப் பக்கத்தில், தை பிறந்தால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று குரலை உயர்த்துகிற அளவுக்கு இது பெரிய கேள்வியாகிவிடுகிறது.

காரணம் பஞ்சாங்கம்தான். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்கள் மதுரையைக் கடப்பதும் பொங்கல் வருவதும் சில ஆண்டுகளில் ஒன்றாக நேர்ந்துவிடும். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு முறை வைத்து நடப்பது வழக்கம். 2024-இல் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஜனவரி 17; தைப்பூசம் ஜனவரி 25. மதுரையிலிருந்து பழனி சுமார் 120 கிலோமீட்டர். அலங்காநல்லூரில் பிறந்து, தெற்கே எங்கோ பிழைக்கப் போன ஒருவன் அங்கிருந்து மாலை போட்டு நடந்து வருகிறான் என்று வையுங்கள். திண்டுக்கல் சாலையை விட்டுச் சற்றே கிழக்கில் திரும்பினால் அவன் வீடு. உள்ளே தாய், தொழுவில் காளை, ஊரெல்லாம் திருவிழா. இவன் காலிலோ கொப்புளம். அவன் திரும்பலாமா, கூடாதா?

ஓய்வு குற்றமென்று யாரும் சொல்லவில்லை. சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகர் வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்கித் தங்கித்தான் வருகிறார். முற்காலத்தில் அவர் தேனூருக்குப் போகும் வழியில் இங்கேதான் அலங்காரம் செய்துகொண்டார், அதனால் அலங்காரநல்லூர், அதுவே அலங்காநல்லூர் என்று ஊரார் பெயர்க்காரணம் சொல்வார்கள். காந்தியடிகளும் 1930-இல் தண்டிக்கு நடந்த 24 நாட்களில் திங்கட்கிழமைதோறும் நடையை நிறுத்தினார். ஆனால் கவனியுங்கள்: அழகர் தங்குவது அடியார்களின் மண்டபங்களில். காந்தியடிகள் தங்கியது பிறர் ஊர்களில். சபர்மதி ஆசிரமத்தை விட்டுக் கிளம்பும்போதே, சுயராஜ்யம் வராமல் இங்கே திரும்புவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்பினார். பிறகு அவர் அங்கே குடியேறவேயில்லை.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுக, ஜார்ஜியா தொடங்கி மெய்ன் வரை, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. 1948-இல் எர்ல் ஷாஃபர் என்பவர் அதை ஒரே மூச்சில் நடந்து முடித்ததாக அறிவித்தார். அன்று முதல் ஆயிரக்கணக்கானோர் நடந்துவிட்டார்கள். ஓர் அடிகூட முன்னேறாத ஓய்வு நாளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பூஜ்யம்’. அழகான பெயர்! பூஜ்யங்களை எண்ணி யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை. ஆனால் மனச்சாட்சியுள்ளவர்கள் பாதையை எந்த இடத்தில் விட்டார்களோ அதே இடத்துக்குத் திரும்பி வந்து முதல் அடியை வைக்கிறார்கள்.

ஆகவே நிற்பதில் பிழையில்லை, விட்ட இடத்தில் தொடங்கினால் போதும் என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. நம் பெரியவர்கள் ‘நடுவழியில் சொந்த வாசலை மிதிக்காதே’ என்றது தீட்டுக்குப் பயந்து மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்திரம் உங்களிடம் எதையும் கேட்காது. அன்னதானப் பந்தலில் சுக்குக் காப்பி கொடுப்பவர் உங்கள் பெயரைக்கூடக் கேட்பதில்லை, எல்லாரும் ‘சாமி’தான். வீடு அப்படியா? உள்ளே காலை வைத்ததுமே நீங்கள் மகன், அண்ணன், கடன் கொடுத்தவன், வாங்கியவன். வீடு கேட்கும், கேட்க அதற்கு உரிமையும் உண்டு. துறவு பூண்ட சங்கரரும் பட்டினத்தாரும் தாயின் ஈமக்கடனுக்காகத் திரும்பி வந்தார்கள் என்று நம் மரபு சொல்கிறதே, அவர்கள் இளைப்பாற வரவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வந்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு வகையினரிடம். வீட்டு வெந்நீர் வேண்டும், கட்டில் வேண்டும், மாடியிலிருந்து மாடு பார்க்க வேண்டும். ஆனால் தம்பி பாகப்பிரிவினைப் பேச்சை எடுத்தால் மட்டும், “மாலை போட்டிருக்கேன், இப்ப எதுவும் பேசாதே” என்பார்கள். வீட்டைச் சத்திரமாக்கி, விரதத்தைக் கேடயமாக்கும் இந்தத் தந்திரத்தைவிட, நேரே நடந்து போய்விடுகிறவன் எவ்வளவோ மேல்.

அந்த 2024-இல் எனக்குத் தெரிந்த ஒருவர் மானாமதுரையிலிருந்து நடந்து வந்து, சமயநல்லூரில் கூட்டத்தைப் பிரிந்து தாயைப் பார்க்க அலங்காநல்லூருக்குத் திரும்பினார். ஒரு நாள் தங்குவதாகத்தான் எண்ணம். தாய்க்குக் கண்ணில் புரை. சட்டியில் கை சுட்ட தழும்புகளை மகன் அப்போதுதான் பார்த்தார். பார்வை அவ்வளவு மங்கியிருந்தது. அழைத்துப் போக ஆளில்லாமல் அறுவை சிகிச்சை இருமுறை தள்ளிப் போயிருந்தது.

“நீ பூசத்தைப் பாத்துட்டு வாய்யா, கண்ணு எங்கே ஓடிப்போகுது?” என்றாளாம் அந்த அம்மாள்.

அவர் போகவில்லை. மதுரைக்கு அழைத்துப்போய், சிகிச்சை முடித்து, கட்டுப் பிரித்து, சொட்டு மருந்து விடத் தம்பி மனைவிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். பஸ்ஸேறினால் கூட்டத்தை ஒட்டன்சத்திரத்தில் பிடித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. சமயநல்லூருக்கே போய், பிரிந்த இடத்திலிருந்து தனியாக நடந்தார். பழனி சேர்ந்தபோது தேரோட்டம் முடிந்து, கடைக்காரர்கள் பந்தல் பிரித்துக் கொண்டிருந்தார்களாம்.

கூட்டத்தின் தலைவர் விடவில்லை. “நடுவில் வீட்டில் தங்கியாச்சு, இது கணக்கில் சேராது” என்று ஊரறியச் சொல்லிவிட்டார். நண்பரிடம் நான் இதைப்பற்றிக் கேட்டேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தார்.

“சேராட்டிப் போகுது, சார். அடுத்த தையிலே மறுபடியும் நடந்தாப் போச்சு” என்றார்.